மிச்சத் துணிக்கு ஏற்றபடி குவில்ட் பிளாக்கின் அளவை மாற்றுதல்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

குவில்ட், அதாவது துணித் துண்டுகளைச் சேர்த்துத் தைக்கும் ஒட்டுப்போர்வை, தைக்கத் தொடங்குபவர்களின் வீட்டில் புதுத் துணியைவிட மிச்சத் துணியே அதிகம் இருக்கும். ரவிக்கை வெட்டியபோது கைவளைவின் ஓரம் மீந்த துண்டு, பாவாடைக்கு எடுத்த பாப்ளினின் கடைசிப் பட்டை, ஓர் இடத்தில் மட்டும் நைந்துபோன லுங்கி என ஒரு பை நிறையச் சேர்ந்துவிடுகிறது. கையில் கிடைக்கும் பிளாக் வடிவமோ 9 அங்குலத்துக்கோ 12 அங்குலத்துக்கோ வரையப்பட்டிருக்கும். அது கேட்கும் சதுரம் 3½ அங்குலம், பையில் இருப்பதோ பெரும்பாலும் 2½ அங்குலம். இந்த இரண்டையும் எப்படிப் பொருத்துவது என்பதே இங்கே சொல்லவிருப்பது. கணக்கு அதிகமில்லை, கூட்டல், கழித்தலோடு ஒரு பெருக்கல் தெரிந்தால் போதும். ஆனால் அதை எந்த முனையிலிருந்து தொடங்குகிறோம் என்பது முக்கியம். பெரும்பாலானோர் வடிவத்தைச் சுருக்கிவிட்டு அதற்குத் துணி தேடுகிறார்கள். முதலில் துணியை அளந்து, அந்த அளவிலிருந்து வடிவத்தின் அளவைக் கண்டுபிடிப்பதே எளிது.

சில சொற்களை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வோம். சிறு துண்டுகளைச் சேர்த்துத் தைத்து உருவாக்கும் ஒரு சதுர அலகுதான் பிளாக். பல பிளாக்குகளை இணைத்தால் போர்வையின் மேல்துணி கிடைக்கும். துண்டை வெட்டும்போது உள்ள அளவை வெட்டளவு என்றும், நான்கு பக்கமும் தைத்து முடித்த பிறகு கண்ணுக்குத் தெரியும் அளவைத் தைத்த அளவு என்றும் சொல்வோம். இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு தையலுக்காக விடும் இடம். சட்டை, ரவிக்கை தைப்பவர்கள் பின்னால் பிரித்துக்கொள்ள வசதியாக அரை அங்குலமோ ஓர் அங்குலமோ விடுவார்கள். குவில்ட்டில் ஒவ்வொரு பக்கமும் கால் அங்குலம் மட்டுமே விடுவது வழக்கம். ஆகவே ஒரு சதுரத்தின் வெட்டளவு, அதன் தைத்த அளவைவிட எப்போதும் அரை அங்குலம் கூடுதலாக இருக்கும்.

சுருக்கி நகலெடுத்தால் ஏன் சரிவராது

உதாரணத்துக்கு ‘சர்ன் டேஷ்’ என்ற பிளாக்கை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்கப் பண்ணை வீடுகளில் வெண்ணெய் கடைய ஓர் உயரமான மரத் தொட்டியும், அதற்குள் மேலும் கீழும் இடிக்கும் ஒரு மத்தும் இருந்தன. அந்த மத்தின் பெயர்தான் இந்த வடிவத்துக்கும் வந்தது. அந்த நாட்டிலேயே இதற்கு வேறு பல பெயர்களும் உண்டு. களஞ்சியக் கதவின் ஓட்டை என்பது அவற்றில் ஒன்று. நடுவில் ஒரு சதுரம், நான்கு மூலைகளில் குறுக்கே பாதியாகப் பிரிந்த இருவண்ணச் சதுரங்கள், நான்கு பக்கங்களிலும் ஒன்றை ஒட்டி ஒன்றாக இரண்டு நீள்சதுரங்கள்: மொத்தம் 17 துண்டுகள். புதியவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சி குறைவு. சதுரம், நீள்சதுரம், முக்கோணம் மூன்றும் ஒரே பிளாக்கில் வந்துவிடுகின்றன.

9 அங்குல சர்ன் டேஷுக்கு நடுச் சதுரத்தை 3½ அங்குலமாகவும், மூலைகளுக்கான சதுரங்களை 3⅞ அங்குலமாகவும், நீள்சதுரங்களை 3½-க்கு 2 அங்குலமாகவும் வெட்ட வேண்டும். இதை 6 அங்குலமாக மாற்ற நினைத்த நான், முதல் முறை ஜெராக்ஸ் கடைக்குப் போய், அட்டை அச்சுகளை மூன்றில் இரண்டு பங்காகச் சுருக்கி நகலெடுத்து வந்தேன். தைத்தபோது ஒரு துண்டும் இன்னொன்றோடு பொருந்தவில்லை. தையல் சரியில்லை என்று எண்ணி இரண்டு முறை பிரித்துத் தைத்த பிறகுதான் காரணம் புரிந்தது. சுருக்கியபோது வடிவத்தோடு சேர்ந்து தையலுக்கு விட்ட கால் அங்குலமும் சுருங்கிவிட்டது. ஆனால் இயந்திரத்தில் நான் தைத்தது பழையபடி கால் அங்குலத்தில்.

எண்களைப் பார்த்தால் பிழையின் தன்மை விளங்கும். 3½ அங்குல நடுச் சதுரம் சுருங்கி ஏறத்தாழ 2.33 ஆகிறது, தைத்தபின் 1.83 அங்குலம் நிற்கிறது. மூலைச் சதுரம் 3⅞-லிருந்து 2.58 ஆகி, தைத்தபின் 1.71 அங்குலமாகிறது. நீள்சதுர இணையோ 1.67 அங்குலத்தில் நிற்கிறது. மூன்றும் 2 அங்குலமாக இருந்திருக்க வேண்டியவை. எல்லாத் துண்டுகளும் ஒரே அளவு குறைந்திருந்தால் பிளாக் சற்றுச் சிறிதாகியிருக்கும், அவ்வளவுதான். ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவில் குறைந்ததால்தான் அவை பொருந்தவே மறுத்தன.

ஆகவே அளவை மாற்றும்போது தைத்த அளவை மட்டுமே பெருக்கவோ வகுக்கவோ வேண்டும். தையல் இடத்தைக் கடைசியில், மாறாத அளவாகக் கூட்ட வேண்டும். சில பழைய வடிவங்கள் தையல் இடம் சேர்க்காமலே அச்சிடப்பட்டிருக்கும் என்பதால், எந்த அச்சை எடுத்தாலும் அதில் ஒரு கோடு இருக்கிறதா, உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இரண்டு கோடுகள் இருக்கின்றனவா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

துணியைத் தயார் செய்தல்

பையிலுள்ள துணி முழுவதையும் ஒருமுறை கொட்டிப் பிரியுங்கள். பருத்தி ஒருபக்கம், பாலியஸ்டர் கலந்தது மறுபக்கம். இரண்டையும் ஒரே பிளாக்கில் சேர்ப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. பருத்திக்குத் தேவையான சூட்டில் தேய்த்தால் பாலியஸ்டர் சுருண்டுவிடும், பாலியஸ்டருக்கேற்ற சூட்டில் பருத்தியின் மடிப்பு படியாது. பாப்ளின், டூ பை டூ, கெட்டியான கைத்தறி ஆகியவை ஒன்றோடொன்று ஒத்துப்போகும். மெல்லிய வாயில் புடவைத் துண்டுகளை முதல் குவில்ட்டுக்கு விலக்கி வையுங்கள்.

அடுத்து சாயம். சுங்குடி, அடர்சிவப்பு, கருநீலத் துண்டுகளை ஒரு வெள்ளைக் கிண்ணத்துத் தண்ணீரில் தனித்தனியாகப் பத்து நிமிடம் ஊறவைத்துப் பாருங்கள். தண்ணீர் நிறம் மாறினால், நிறம் விடுவது நிற்கும்வரை அலச வேண்டும். நிற்கவில்லையென்றால் வெள்ளை வேட்டித் துண்டின் பக்கத்தில் அதை வைக்கக் கூடாது. மற்றத் துண்டுகளையும் கையால் நனைத்து, பிழியாமல் துண்டில் ஒற்றி, நிழலில் காயவைத்து, சற்று ஈரம் இருக்கும்போதே தேய்த்துவிடுங்கள். பருத்தி சுருங்குமானால் வெட்டுவதற்கு முன்பே சுருங்கட்டும்.

மூன்றாவது, இழையின் திசை. பாவும் ஊடையும் நேராக ஓடும் திசைகளில் துணி அதிகம் இழுபடாது. அவற்றுக்குச் சாய்வாக, தையற்காரர்கள் கிராஸ் என்று சொல்லும் திசையில், ரப்பர்போல் இழுபடும். ரவிக்கை வெட்டிய மிச்சம் எல்லாம் கோணல்மாணலாகத்தான் இருக்கும். எனவே அதன் விளிம்பை நம்பாமல், ஓர் இழையை உருவி அதன் தடத்தைப் பார்த்து, அந்தத் தடத்தை ஒட்டிச் சதுரத்தை வைக்க வேண்டும். இழைக்கு நேராக வைத்தால் 2½ அங்குலச் சதுரம்தான் கிடைக்கிறது, கோணலாக வைத்தால் 3 அங்குலம் கிடைக்கிறது என்றால், 2½ அங்குலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அளந்து பிரியுங்கள். ஒவ்வொரு துண்டிலும் கிடைக்கக்கூடிய மிகப்பெரிய சதுரம் எது என்று பார்த்து, 2 அங்குலம், 2½, 3, 3½ என்று நான்கு குவியல்களாக வையுங்கள். இந்தக் கட்டத்தில் வெட்ட வேண்டாம். எந்தக் குவியல் உயரமாக இருக்கிறதோ, அதுதான் உங்கள் பிளாக்கின் அளவைத் தீர்மானிக்கப்போகிறது.

வடிவத்துக்குள் மறைந்திருக்கும் கட்டங்கள்

மரபான பிளாக்குகளில் பெரும்பாலானவை ஏதோ ஒரு சமக் கட்டத்தின் மேல் வரையப்பட்டவை. சர்ன் டேஷ் மூன்றுக்கு மூன்று கட்டம். நீள்சதுரங்கள் ஒரு கட்டத்தை இரண்டாகப் பிரித்தவை. நடுவில் பெரிய சதுரமும் சுற்றிலும் எட்டு முனைகளும் கொண்ட ‘சாடூத் ஸ்டார்’ நான்குக்கு நான்கு. கரடியின் பாதம் என்று பெயர்பெற்ற ‘பேர்ஸ் பா’ ஏழுக்கு ஏழு. ஒரு கட்டத்தாளில் பிளாக்கை வரைந்து, மிகச் சிறிய சதுரத்தின் அகலத்தை ஓர் அலகாக வைத்து, குறுக்கே எத்தனை அலகுகள் அடங்குகின்றன என்று எண்ணினால் கட்ட எண்ணிக்கை தெரிந்துவிடும். பள்ளிக் கணக்கு நோட்டே இதற்குப் போதும்.

கட்ட எண்ணிக்கை தெரிந்த பிறகு மீதி சுலபம். உங்கள் துணிச் சதுரத்தின் அளவிலிருந்து அரை அங்குலத்தைக் கழித்தால், தைத்த பிறகு ஒரு கட்டம் எவ்வளவு இருக்கும் என்பது கிடைக்கும். அதைக் கட்ட எண்ணிக்கையால் பெருக்கினால் பிளாக்கின் அளவு. 2½ அங்குலத் துணி 2 அங்குலக் கட்டமாகும். மூன்று கட்டப் பிளாக்கில் 6 அங்குலமும், நான்கு கட்டப் பிளாக்கில் 8 அங்குலமும் வரும். 2 அங்குலத் துணி 1½ அங்குலக் கட்டமாகி, முறையே 4½, 6 அங்குலங்களைத் தரும். 3½ அங்குலத் துணியோ 9, 12 அங்குலங்களைத் தரும். கடைசியில் சொன்ன எண்கள் பழக்கமானவையாகத் தோன்றினால் வியப்பில்லை. நமக்குக் கிடைக்கும் வடிவங்களில் பல அந்த அளவுக்கு எழுதப்பட்டவை.

பிளாக் எத்தனை அங்குலம் வேண்டும் என்று முதலில் முடிவுசெய்துவிட்டுத் தொடங்குபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஏழு கட்டப் பிளாக்கை 12 அங்குலத்தில் தைக்க ஆசைப்பட்டால், ஒரு கட்டம் 1.714 அங்குலமாகிறது. எந்த டேப்பிலும் அந்தக் கோடு இல்லை. தையல் டேப்பில் நாம் நம்பிக்கையோடு பார்த்து வெட்டக்கூடியது அரைக்கால் அங்குலம் வரைதான், அதாவது எட்டில் ஒரு பங்கு. கட்டத்தின் அளவு அதற்கும் நுணுக்கமாகப் போனால், பிளாக்கின் அளவை மாற்றிக்கொள்வதே நல்லது.

முக்கோணம் வரும் இடத்தில் கணக்கு மாறும்

மேலே சொன்ன விதி சதுரத்துக்கும் நீள்சதுரத்துக்கும் மட்டுமே பொருந்தும். இருவண்ணச் சதுரம் செய்ய, இரண்டு நிறச் சதுரங்களை நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மூலைக்கு மூலை ஒரு கோடு வரைந்து, அந்தக் கோட்டின் இருபுறமும் கால் அங்குலம் தள்ளித் தைத்து, பிறகு கோட்டின்மேல் வெட்டுவார்கள். இரண்டு இருவண்ணச் சதுரங்கள் ஒருசேரக் கிடைக்கும். சாய்வான பக்கத்திலும் தையல் வருவதால் கூடுதல் இடம் வேண்டும். கட்டத்தின் தைத்த அளவோடு மொத்தம் எவ்வளவு கூட்ட வேண்டும் என்று கணக்கிட்டால் 0.854 அங்குலம் வரும்; முழுமையாக்கி ⅞ என்று வைத்திருக்கிறார்கள். பழைய தமிழ்ப் பின்னக் கணக்கில் சொன்னால் முக்காலே அரைக்கால்.

புதியவர்களுக்கு நான் சொல்வது, ⅞-ஐ மறந்துவிட்டு ஓர் அங்குலம் கூட்டுங்கள் என்பதே. தைத்துத் தேய்த்த பிறகு, கட்டத்தைவிட அரை அங்குலம் பெரிதாக இருக்கும்படி நான்கு பக்கமும் ஒழுங்குபடுத்திக்கொள்ளலாம். வீணாகும் துணி மிகக் குறைவு. மூலைக்கோடு மிகச் சரியாக மூலையில் வந்து விழும். ஒழுங்குபடுத்தும்போது தையல் கோட்டின்மேல் உங்கள் அளவுகோலின் 45 பாகைக் கோட்டை வைத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கோடு இல்லாதவர்கள், ஒழுங்குபடுத்த வேண்டிய அளவுக்கு ஒரு சதுர அட்டை வெட்டி, மூலைக்கு மூலை கோடு போட்டு வைத்துக்கொள்ளலாம்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. 2½ அங்குலத் துணி கையில் இருக்கிறது, ஆகவே 6 அங்குல சர்ன் டேஷ் தைக்கலாம் என்று மேலே சொன்ன பெருக்கல் காட்டியது. ஆனால் அந்தப் பிளாக்கின் மூலைகளுக்கு 3 அங்குலச் சதுரம் வேண்டும். 2½ அங்குலத் துணியில் அது வராது. பிளாக்கிலேயே அதிக வெட்டளவு கேட்கும் துண்டு எதுவோ, அதை வைத்துத்தான் கட்டத்தைக் கணக்கிட வேண்டும். சதுரங்கள் மட்டும் உள்ள பிளாக்காக இருந்தால் துணியின் அளவிலிருந்து அரை அங்குலத்தையும், இருவண்ணச் சதுரம் உள்ள பிளாக்காக இருந்தால் ஓர் அங்குலத்தையும் கழியுங்கள். 2½ அங்குலத் துணிக்கு 1½ அங்குலக் கட்டம். சர்ன் டேஷ் 4½ அங்குலம்.

சர்ன் டேஷ், இரண்டு அளவுகளில்

4½ அங்குலப் பிளாக்குக்கு, அடர்நிறத்தில் இரண்டும் வெளிர்நிறத்தில் இரண்டுமாக நான்கு 2½ அங்குலச் சதுரங்களை வெட்டுங்கள். இவற்றை இணை இணையாகத் தைத்து வெட்டினால் நான்கு மூலைகள் கிடைக்கும். ஒவ்வொன்றையும் 2 அங்குலமாக ஒழுங்குபடுத்துங்கள். நடுவுக்கு ஒரு 2 அங்குலச் சதுரம். பக்கங்களுக்கான எட்டு நீள்சதுரங்களைத் தனித்தனியாக வெட்ட வேண்டாம். 1¼ அங்குல அகலமும் 8 அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலான நீளமும் கொண்ட இரண்டு பட்டைகளை, ஒவ்வொரு நிறத்திலும் ஒன்றாக, நீளவாக்கில் தைத்துத் தேயுங்கள். தைத்த இணை 2 அங்குல அகலத்தில் இருக்கும். அதை 2 அங்குலத்துக்கு ஒன்றாக நறுக்கினால் நான்கு பக்கங்களும் தயார். ஒன்பது கட்டங்களையும் மேசைமேல் பரப்பி, அடர்நிறம் நடுச் சதுரத்தைச் சுற்றி வளையம்போல் தெரிகிறதா என்று பார்த்த பிறகு, மூன்று வரிசைகளாகத் தைத்து, வரிசைகளை இணையுங்கள். முடிந்த பிளாக் ஓரத் தையல் இடத்தோடு 5 அங்குலம் இருக்க வேண்டும்.

கையில் 3 அங்குலத் துணிகள் இருந்தால் 6 அங்குலப் பிளாக் தைக்கலாம். மூலைகளுக்கு 3 அங்குலச் சதுரங்கள் நான்கு, ஒழுங்குபடுத்திய பின் 2½. நடுவுக்கு 2½ அங்குலச் சதுரம் ஒன்று. பட்டைகள் 1½ அங்குல அகலத்தில் ஏறத்தாழ 10½ அங்குல நீளம், 2½ அங்குலத்துக்கு ஒன்றாக நறுக்க வேண்டும். முடிந்த பிளாக் 6½ அங்குலம். அவ்வளவு நீளமான பட்டை மிச்சத் துணியில் கிடைக்காவிட்டால், குட்டையான இரண்டு பட்டைகளாகத் தைத்து நறுக்கினாலும் அதே பலன்தான்.

சென்டிமீட்டரில் வேலை செய்பவர்கள் தையல் இடத்தை 0.75 சென்டிமீட்டராக வைத்துக்கொண்டு, சதுரத்துக்கு 1.5, இருவண்ணச் சதுரத்துக்கு 3 சென்டிமீட்டர் கூட்டி, பின் ஒழுங்குபடுத்தலாம். ஆனால் ஒரே குவில்ட்டில் இரு முறைகளையும் கலக்கக் கூடாது.

2 அங்குலத் துணியே அதிகம் இருந்தால்

இந்தக் குவியலை வீசிவிடத் தோன்றும். ஆனால் சாடூத் ஸ்டாருக்கு இதைவிட நல்ல அளவு இல்லை. அதன் முனைகள், ஒரு பெரிய முக்கோணத்தின் இருபுறமும் இரண்டு சிறு முக்கோணங்கள் அமைந்த நீள்சதுரங்கள். அமெரிக்கர்கள் இந்த அமைப்பை ‘ஃப்ளையிங் கீஸ்’, பறக்கும் வாத்துகள், என்பார்கள். இதைச் சதுரங்களிலிருந்தே செய்யலாம். 3½-க்கு 2 அங்குலப் பின்னணித் துண்டின் ஒரு முனையில் 2 அங்குலச் சதுரத்தை வைத்து, மூலைக்கு மூலை தைத்து, வெளிப்பக்கத்தில் கால் அங்குலம் விட்டு நறுக்கி, சதுரத்தைத் திருப்பித் தேய்க்க வேண்டும்; மறுமுனையிலும் அதேபோல், சாய்வு எதிர்த்திசையில். இந்த முறையில் அரை அங்குலக் கணக்கே போதும் என்பதால், 1½ அங்குலக் கட்டத்தில் 6 அங்குல நட்சத்திரம் வந்துவிடுகிறது. முனைகளுக்கு எட்டும் மூலைகளுக்கு நான்குமாகப் பன்னிரண்டு 2 அங்குலச் சதுரங்கள், நடுவில் 3½ அங்குலச் சதுரம் ஒன்று, பின்னணித் துண்டுகள் நான்கு. முனைச் சதுரங்கள் எட்டும் எட்டு நிறமாக இருந்தாலும் நட்சத்திரம் தெரியும். பின்னணியும் மூலைகளும் ஒரே நிறமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் வடிவம் கலைந்துவிடும். வெட்டி எறியும் சிறு முக்கோணங்கள் கொஞ்சம் வீண்தான். அதை ஏற்க மனமில்லாதவர்கள் 4¼ அங்குலச் சதுரம் ஒன்றிலிருந்தும் 2⅜ அங்குலச் சதுரங்கள் நான்கிலிருந்தும் நான்கு வாத்துகளை ஒரே நேரத்தில் தைக்கும் முறையை, இரண்டாவது குவில்ட்டில் முயன்றுபார்க்கலாம்.

வெவ்வேறு அளவுகளை ஒரே போர்வையில் சேர்த்தல்

மேலே வந்த எண்களில் ஒரு வசதி ஒளிந்திருக்கிறது. 2 அங்குலத் துணியில் தைத்த நட்சத்திரமும் 6 அங்குலம், 3 அங்குலத் துணியில் தைத்த சர்ன் டேஷும் 6 அங்குலம், வெறும் 2½ அங்குலச் சதுரங்கள் ஒன்பதைச் சேர்த்த ஒன்பது கட்டப் பிளாக்கும் 6 அங்குலம். ஆகவே மூன்று குவியல்களையும் ஒரே போர்வையில் தீர்த்துவிடலாம். 3, 4 இரண்டாலும் வகுபடுவதால் 12 அங்குலத்துக்கும் இதே குணம் உண்டு.

கட்டம் ஒத்துவராத பிளாக்கைச் சட்டம் கட்டி உயர்த்தலாம். ஏழு கட்டக் கரடிப் பாதத்தை 1½ அங்குலக் கட்டத்தில் தைத்தால் 10½ அங்குலம் வரும். சுற்றிலும் தைத்தபின் முக்கால் அங்குலம் தெரியும் பட்டை, அதாவது வெட்டளவில் 1¼ அங்குலம், சேர்த்தால் சரியாக 12. சட்டத்துக்கு எல்லாப் பிளாக்கிலும் ஒரே துணியைப் பயன்படுத்துவது நல்லது. பலவண்ண மிச்சத் துணிகள் ஒன்றாகச் சேரும்போது கண் இளைப்பாற அது ஓரிடம் கொடுக்கும்.

எவ்வளவு சிறிதாகப் போகலாம்

அளவைக் குறைத்தால் வேலை கூடும் என்பது தெரிந்ததுதான். எவ்வளவு கூடும் என்பதைத் தொடங்கும் முன்பே கணக்குப் போட்டுப் பாருங்கள். 36-க்கு 45 அங்குலக் குழந்தைப் போர்வையை 9 அங்குல சர்ன் டேஷில் தைத்தால் 20 பிளாக்குகள், 340 துண்டுகள். அதே போர்வை 4½ அங்குலத்தில் 80 பிளாக்குகள், 1,360 துண்டுகள்.

துணியின் செலவும் கூடுகிறது. 3½ அங்குலச் சதுரத்தில் ஏறத்தாழ 73 சதவீதம் மேலே தெரியும், மீதி தையலுக்குள் போகும். 2½ அங்குலச் சதுரத்தில் 64 சதவீதமும், 2 அங்குலத்தில் 56 சதவீதமும் தெரியும். 1½ அங்குலத்துக்கு வந்தால் 44 சதவீதம்தான். பாதிக்கு மேல் உள்ளே மடிந்து, போர்வை கனத்து, விறைத்துப்போகும். என்னைக் கேட்டால், புதியவர்கள் 2 அங்குல வெட்டளவுக்குக் கீழே போக வேண்டாம். அதைவிடச் சிறிய துண்டுகளைத் தலையணைக்குள் அடைத்துவிடலாம். அதில் வருந்த ஒன்றுமில்லை.

தையலைச் சோதித்தல்

கணக்கு சரியாக இருந்தும் பிளாக் சிறுத்துப்போனால், குற்றம் தையல் அகலத்தில் இருக்கும். சர்ன் டேஷின் நடு வரிசையில் நான்கு தையல்கள் வருகின்றன. ஒவ்வொன்றும் பதினாறில் ஒரு பங்கு அங்குலம் அகலமாகிவிட்டால், இருபுறத் துணியிலும் அது குறைவதால், வரிசை மொத்தமாக அரை அங்குலம் சுருங்கும். மேல் வரிசையில் இரண்டு தையல்களே இருப்பதால் அது கால் அங்குலம்தான் சுருங்கும். வரிசைகள் ஒன்றோடொன்று பொருந்தாது.

இதைத் தவிர்க்க, நல்ல துணியைத் தொடும் முன் 1½ அங்குல அகலத்தில் மூன்று பட்டைகளை வெட்டி, அருகருகே தைத்துத் தேய்த்து அளந்து பாருங்கள். நடுப்பட்டை சரியாக 1 அங்குலமும், மொத்த அகலம் 3½ அங்குலமும் இருக்க வேண்டும். குறைந்தால் தையலை விளிம்புக்குச் சற்று நெருக்கமாகக் கொண்டுபோங்கள். நூலும் துணியின் மடிப்பும் கொஞ்சம் இடத்தை எடுத்துக்கொள்ளும் என்பதால், கால் அங்குலத்துக்கு ஒரு மயிரிழை குறைவாகத் தைப்பதே சரியான அளவைத் தருகிறது. வீட்டுத் தையல் இயந்திரத்தில், ஊசியைக் கீழே இறக்கி, அதிலிருந்து அளந்து, தட்டின்மேல் இரண்டு மூன்று அடுக்கு ஒட்டுநாடாவை ஒட்டிவைத்தால், துணியின் விளிம்பு அதில் இடித்துக்கொண்டு நேராகப் போகும்.

வெட்டும் கருவியைப் பற்றி ஒரு வார்த்தை. துணிமேல் உருட்டி வெட்டும் சக்கரக் கத்தியை 1979-இல் ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் கொண்டுவந்தது. அதற்கு முன்பு தைத்த குவில்ட்கள் பெரும்பாலும் கத்தரியால் வெட்டியவைதான். ஆகவே அது இல்லையே என்று காத்திருக்க வேண்டாம். கெட்டியான கல்யாணப் பத்திரிகை அட்டையோ, பழைய எக்ஸ்ரே பிலிமோ அச்சுக்கு நன்றாக உதவும். அட்டையின் அடியில் ஒரு துண்டு உப்புத்தாளை ஒட்டினால் துணிமேல் வழுக்காது. பென்சிலால் வரைந்த கோட்டின் உள்விளிம்பில் வெட்டுங்கள். கோட்டின் வெளியே வெட்டினால் ஒவ்வொரு துண்டும் பென்சில் தடிமன் அளவுக்குப் பெருத்துவிடும்.

முழு அளவில் வெட்டுவதற்கு முன், ஒரே ஒரு பிளாக்கைச் சோதனையாகத் தைத்து அளந்து பாருங்கள். தேய்க்கும்போது தையலை அடர்நிறப் பக்கம் சாயுங்கள். அடுத்தடுத்த வரிசைகளில் தையல்கள் எதிரெதிர்த் திசையில் படுத்தால், இணைக்கும் இடத்தில் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். இஸ்திரிப் பெட்டியை இழுக்காமல், வைத்து எடுக்க வேண்டும்.

அகலம் ஒழுங்கில்லாத பட்டைகள்

நீளமாக, ஆனால் குறுகலாக இருக்கும் மிச்சங்களுக்குக் கட்டக் கணக்கு தேவையில்லை. நடுச் சதுரத்தைச் சுற்றிப் பட்டைகளை அடுக்கிக்கொண்டே போகும் ‘லாக் கேபின்’ பிளாக்கில் சுற்றுகளின் எண்ணிக்கையை மாற்றினாலே அளவு மாறிவிடும். 2½ அங்குல நடுச் சதுரத்தைச் சுற்றி 1½ அங்குலப் பட்டைகளை மூன்று சுற்று வைத்தால் தைத்த அளவு 8 அங்குலம். நான்கு சுற்று வைத்தால் 10.

காகிதத்தின்மேல் கோட்டைப் பார்த்துத் தைக்கும் முறையில் மட்டும், தொடக்கத்தில் நான் செய்த நகலெடுப்பு தவறாகாது. அங்கே வரைந்திருப்பவை தையல் கோடுகள். தையல் இடம் துணியை வைக்கும்போது தானாக விடப்படுகிறது. வேண்டிய அளவை இருக்கும் அளவால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் நகல் சதவீதம் கிடைக்கும். 9 அங்குலத்தை 6 ஆக்க 67 சதவீதம். நகலெடுத்தபின் காகிதத்தில் பிளாக்கை அளந்து பார்த்து, வெளி ஓரத்தில் உள்ள தையல் இடத்தை மட்டும் அழித்துவிட்டு, கால் அங்குலத்துக்குப் புதிதாக வரையுங்கள்.

அளவே இல்லாமல் தைக்கும் மரபுகளும் உண்டு. அமெரிக்காவில் அலபாமாவின் ஜீஸ் பெண்ட் பெண்கள் பழைய வேலைச்சட்டைகளைக் கண்ணளவில் சேர்த்துத் தைத்த குவில்ட்கள், 2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வந்தன. கர்நாடகத்தின் வடகன்னட மாவட்டத்துச் சித்தி சமூகப் பெண்கள் தைக்கும் கவந்தி என்ற ஒட்டுப்போர்வையில், துண்டுகளை ஓரத்திலிருந்து தொடங்கி நடுவை நோக்கி அப்படியே கையால் தைத்துக்கொண்டு போகிறார்கள். எந்தக் கணக்குக்கும் அடங்காத கோணல் துண்டுகள் உங்கள் பையில் நிறைய இருந்தால், அவற்றைச் சதுரமாக வெட்டி வீணாக்குவதைவிட, அந்த வழியில் ஒரு சிறு விரிப்பு தைத்துப் பார்க்கலாம்.

சோதனைப் பிளாக் சரியாக வந்ததும், கட்டத்தின் அளவு, ஒவ்வொரு துண்டின் வெட்டளவு, தேவையான எண்ணிக்கை, முடிந்த பிளாக்கின் அளவு ஆகியவற்றை ஓர் அட்டையில் எழுதி, அந்தப் பிளாக்கின் அச்சுகளோடு ஊசி குத்தி மிச்சத் துணிப் பையிலேயே போட்டு வையுங்கள். அடுத்த ரவிக்கை வெட்டும் நாளில், மீந்த துண்டைப் பையில் போடும் முன்பே அந்த அளவுக்கு வெட்டிப் போட்டுவிடலாம்.